செல்விக்கு நான் போட்ட பூஜ்யம்

1. பேசக் கூடாத வேலை

முப்பத்தோரு வருடம் வார்டில் கத்தியே பழகிய எனக்கு, ரிட்டயர் ஆன பிறகு கிடைத்த வேலை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இதைக் கேட்டு என் மகன் சிரித்த சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது.

பெங்களூரில் ஒரு நர்சிங் கல்லூரி ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தது. படிக்கிற பிள்ளைகள் நிஜமான நர்ஸாக மாறுவது எப்போது, எதைப் பார்த்து, யாரிடமிருந்து என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். கே.ஜி.எஃப்.பில், அதாவது கோலார் தங்கவயலில், நான் வேலை பார்த்த அதே சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் அவர்களுடைய கடைசி வருட மாணவிகள் பயிற்சிக்கு வருவார்கள். அவர்களைப் பார்த்து எழுத, வார்டு தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். என்னைக் கூப்பிட்டார்கள்.

கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் இருபத்திரண்டு வரி. கை கழுவினாரா, நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்த்தாரா, செய்யப்போவதை விளக்கினாரா என்று போகும். ஒவ்வொரு வரிக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண். ஆய்வை நடத்திய பேராசிரியை முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஸ்டெல்லா சிஸ்டர், நீங்க அங்க ஒரு சேர் மாதிரி. கண்ணு மட்டும்தான் வேணும். பேஷன்ட்டுக்கு ஆபத்துன்னா மட்டும் வாயத் தொறங்க."

"சேர் மாதிரி இருக்க எனக்குக் கஷ்டமே இல்ல மேடம். சேர் ஒண்ணு குடுத்துடுங்க, முட்டி வலிக்கு நிக்க முடியாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதே படிவத்தைத்தான் மாணவிகளுக்குத் தேர்ச்சி போடும் டியூட்டர் கல்பனாவும் வைத்திருந்தார். அவர் போடுவது பரீட்சைக் கணக்கு, நான் போடுவது ஆய்வுக் கணக்கு. ஆனால் ஒரு மாணவியின் தேர்ச்சியில் சந்தேகம் வந்தால் என் படிவத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். இதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாணவிகள் ஆறு பேர். ஐந்து பேருக்கு இருபது, இருபத்தொரு வயது. ஆறாவது செல்வி, முப்பத்தாறு வயது. பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் வயதை மாற்ற மனமில்லை. எட்டு வருடம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆயாவாக இருந்தவர் செல்வி. பெட்பேன் எடுத்து, வார்டு துடைத்து, நோயாளிகளைக் குளிப்பாட்டி, வயது வரம்பு முடியும் நேரத்தில் நர்சிங்கில் சேர்ந்தார். வெள்ளைக் கோட்டு போட்டு அதே வார்டுக்கு வந்த முதல் நாள், பழைய ஸ்டாஃப் ஒருத்தி பழக்கதோஷத்தில், "செல்வி, அந்த மூணாம் பெட்டுக்குப் பெட்பேன் வை" என்று குரல் கொடுத்தாள். செல்வி போய் வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, திரும்பி வந்து மாணவிகள் வரிசையில் நின்றார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எனக்குத்தான் காது சூடானது.

2. வார்டு முழுக்க இருபது

இளையவர்களுக்கு ஓர் உண்மை சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். வார்டில் யாரும் மூச்சை எண்ணுவதில்லை.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மெஷின் இருக்கிறது. மூச்சுக்கு ஒன்றும் கிடையாது. ஒரு நிமிடம் பேசாமல் நின்று, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். ஒரு நிமிடம் சும்மா நிற்கும் நர்ஸைப் பார்த்தால் வார்டு இன்சார்ஜுக்குப் பொறுக்காது. அதனால் சார்ட்டில் எல்லாருக்கும் இருபது என்று எழுதிவிடுவோம். சுறுசுறுப்பான பிள்ளைகள் நடுநடுவே ஒரு பதினெட்டு போட்டு அழகு சேர்ப்பார்கள். ஒருமுறை மத்தியானமே டிஸ்சார்ஜ் ஆகி பங்காருபேட்டைக்குப் பஸ் ஏறிவிட்ட நோயாளிக்கும் மாலை ஆறு மணிக்கு மூச்சு இருபது என்று சார்ட்டில் இருந்தது. எழுதியது நான்தான்.

செல்வி மட்டும் எண்ணினார். முழு நிமிடம் எண்ணினார். அதனால் எப்போதும் கடைசியாக முடித்தார். நோயாளிகளிடம் பேச்சு வேறு. "இன்னா நைனா, ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்று ஆரம்பித்தால் பேரன் கல்யாணம் வரை போகும். கல்பனாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. போன முறை மதிப்பீட்டில், வேலை தாமதம், வரிசை முறை தவறுகிறது என்று எழுதி செல்வியை நிறுத்திவைத்தவர் அவர்தான். கல்பனாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இருபத்தொன்பது வயதில் ஆறு பேரின் கைகளுக்குப் பொறுப்பு ஏற்றவர், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்.

இந்த முறையும் தேறவில்லை என்றால் செல்வி அந்த வருடப் பரீட்சை எழுத முடியாது. அடுத்த பேட்ச் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். மதிப்பீட்டுக்கு முந்தின நாள் வராந்தாவில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சிஸ்டர், எம் பொண்ணு பத்தாவது. நானும் அவளும் ஒண்ணாதான் பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருக்கோம். அவ பாஸாயி நான் ஃபெயிலானா வூட்ல எப்படி மொகம் காட்றது?"

நான் சேர் அல்லவா. "நல்லா செய்ங்க" என்று மட்டும் சொன்னேன்.

3. எட்டாம் பெட்

மதிப்பீட்டில் செல்விக்கு வந்தவர் எட்டாம் பெட் ஏழுமலை. எழுபத்துநான்கு வயது. நந்திதுர்க் தங்க மைனில் இருபத்தெட்டு வருடம் அண்டர்கிரவுண்டில் இருந்தவர். குடலிறக்கத்துக்கு மறுநாள் ஆபரேஷன். எக்ஸ்ரேயில் நெஞ்சு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கல்தூசி. எங்கள் ஊர் வயதான ஆண்களின் எக்ஸ்ரே பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும் என்பதால் யாரும் திடுக்கிடுவதில்லை. மூச்சு வாங்குகிறதா என்று கேட்பார்கள். இல்லை என்பார். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

செல்வி கை கழுவினார், இரண்டு மதிப்பெண். பெயர் கேட்டார், இரண்டு. காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் சுத்தம். விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினார், தொண்ணூற்றைந்து. மூச்சை எண்ணினார், இருபது. அதோடு எழுதி முடித்திருந்தால் நல்ல மதிப்பெண்ணோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

எழுதவில்லை. பேனாவைக் கோட்டுப் பையில் செருகிவிட்டு, "வா நைனா, பாத்ரூம் வரிக்கும் ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்றார்.

"இப்பதான்மா போய்ட்டு வந்தேன்."

"பரவால்ல, எனக்காக வா."

முனகிக்கொண்டே எழுந்தார். வராந்தா கோடி வரை போய்த் திரும்பினார்கள். கட்டிலில் உட்காரும் முன்பே செல்வி ஆக்ஸிமீட்டரைப் பார்த்தார், மார்பைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினார். பிறகு சார்ட்டில் இரண்டு வரியாக எழுதினார். உட்கார்ந்தபோது மூச்சு இருபது, ஆக்ஸிஜன் தொண்ணூற்றைந்து. நடந்தபின் மூச்சு முப்பத்துநான்கு, ஆக்ஸிஜன் எண்பத்துநான்கு.

என் படிவத்தில் பதினோராவது வரி இப்படி இருந்தது: நோயாளியை ஓய்வு நிலையில் வைத்து அளவெடுத்து, அதை மட்டும் பதிவு செய்தார். நான் பூஜ்யம் போட்டேன். பன்னிரண்டாவது வரி, நோயாளியைத் தேவையின்றி அலைக்கழிக்கவில்லை. அதற்கும் பூஜ்யம். கை தயங்கவே இல்லை. இத்தனை வருடம் வார்டில் இருந்தவள், அந்த எண்பத்துநான்கைக் கண்ணால் பார்த்தவள், படிவத்தில் இருந்த எழுத்தைத்தான் பார்த்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கல்பனா வந்து சார்ட்டைப் பார்த்தார். "நடக்க வெச்சு யாராவது வைட்டல்ஸ் எடுப்பாங்களா செல்வி? நடந்தா எனக்கும்தான் மூச்சு வாங்கும். ஃபர்ஸ்ட் இயர் பாடம் இது" என்றார். ஏழுமலையின் மூச்சைத் தானே எண்ணினார். அதற்குள் அவர் நன்றாக உட்கார்ந்து ஆறியிருந்தார். இருபது. இரண்டாவது வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

"மேடம், அவரு வெளிய பெஞ்சில உக்காந்து ஆறிட்டுதான் உள்ள வருவாரு. மைன்ஸ்காரங்க எல்லாருமே அப்படித்தான்" என்றார் செல்வி.

"கதை வேணாம். ரீடிங் போதும்."

 செல்வி திரும்பி என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

4. டாக்டர் வந்தபோது

அரை மணி நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்ன வயது, தும்கூர் பக்கம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார், அடித்திருந்த வரியைப் பார்த்தார்.

"இது ஏன் அடிச்சிருக்கு?"

"ஸ்டூடண்ட் மிஸ்டேக் சார். நான் திரும்ப எடுத்துட்டேன், நார்மல்" என்றார் கல்பனா.

டாக்டர் ஏழுமலையிடம் குனிந்து, "அஜ்ஜா, உசிரு கட்டுத்தா?" என்று கேட்டார். மூச்சு முட்டுகிறதா என்று கன்னடத்தில்.

"ஏனூ இல்ல சார். கல்லு மாதிரி கீறேன்" என்றார் ஏழுமலை, பாதி கன்னடத்தில் பாதி தமிழில்.

அப்போதுதான் நான் அவரைப் பார்த்தேன். அதுவரை அவருக்குச் செய்யப்படுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் ஊன்றி, முதுகை நேராக வைத்து, உதட்டைக் கொஞ்சமாகக் குவித்து, வெளியே தெரியாமல் மெள்ள மெள்ள மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். என் அப்பா அப்படித்தான் உட்காருவார்.

மைன்ஸில் இருந்த ஆண்களுக்கு அது ஒரு கைப்பழக்கம். மெடிக்கல் செக்கப்பில் மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் கீழே இறக்க மாட்டார்கள், மேலே சர்ஃபேஸ் வேலைக்குப் போட்டுவிடுவார்கள், சம்பளம் குறையும். ஆகவே ஆஸ்பத்திரி கேட் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து, பீடியை அணைத்து, மூச்சை அடக்கிப் பழகிவிட்டுத்தான் டாக்டர் முன்னால் போவார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத் தேர்ந்த வித்தை. மைன் மூடி இத்தனை வருடம் ஆகியும் அவர்களுடைய உடம்பு அதை மறக்கவில்லை. எனக்கு இது தெரியாதா? இதே மைன்ஸ் தொழிலாளர் லைனில், இதே வீடுகளில் வளர்ந்தவள் நான். மறந்துபோனது நான்தான்.

மறுநாள் மயக்க மருந்து கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட டாக்டர் பேனாவை எடுத்தார். செல்வி ஓரடி முன்னால் வந்தார். 

"சார், ஒரேயொரு தடவ அவரு கூட நடந்து பாருங்க சார்."

"செல்வி!" என்றார் கல்பனா.

தேர்ச்சி போடுகிறவர் முன்னால் நின்று, அவரையே மீறிப் பேசினார் அந்தப் பெண். பேசாமல் இருந்தால் பரீட்சை எழுதலாம் என்று அவருக்குத் தெரியும். டாக்டர் யாரை நம்புவது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். அங்கே இருந்த நர்ஸுகளில் நரைத்த தலை என்னுடையதுதான்.

நான் எழுந்தேன். படிவம் மடியிலிருந்து கீழே விழுந்தது.

"நடக்க வைங்க சார். அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி" என்றேன்.

இப்போது முரண்டு பிடித்தவர் ஏழுமலை. "அதெல்லாம் முடியாது. நான் இன்னாத்துக்கு நடக்கணும்? நல்லாத்தான் கீறேன்னு சொல்றேன் இல்ல?" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் பயம். ஆபரேஷன் பயம் போல எனக்குத் தோன்றவில்லை. மாட்டிக்கொண்ட பயம்.

செல்வி அவர் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்திருந்த கையின் மேல் தன் கையை வைத்தார்.

"நைனா, இங்க யாரும் உன்னை சர்ஃபேஸுக்குப் போட மாட்டாங்க. ஷிஃப்ட் முடிஞ்சிடிச்சி நைனா."

அவர் செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு கம்பியை விட்டார். தானாகவே எழுந்து நடந்தார். டாக்டர் ஒரு பக்கம், செல்வி ஒரு பக்கம். வராந்தாவில் பாதி தூரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. அடக்க முயலவே இல்லை.

"மூச்சு வாங்குது பாப்பா" என்றார். பிறகு செல்வியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "இத்தினி வருஷம் எவன்கிட்டயும் மாட்னதில்ல. உங்கிட்ட மாட்டிக்கினேன்."

ஆக்ஸிமீட்டர் எண்பத்துமூன்று காட்டியது. மறுநாள் ஆபரேஷனை டாக்டர் தள்ளிவைத்தார். நெஞ்சுக்கு வைத்தியம் செய்து, மூச்சுப் பயிற்சி கொடுத்து, சில வாரம் கழித்து அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக வீட்டுக்குப் போனார்.

5. எங்கே கற்றீர்கள்?

அன்று சாயங்காலம் கல்பனா சார்ட்டை எடுத்துவைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். தான் அடித்த வரிக்குக் கீழே அதே இரண்டு எண்களைத் தன் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். "நானும் எண்ணினேன் சிஸ்டர், ஒழுங்காத்தான் எண்ணினேன்" என்றார் அழுகிற குரலில்.

"ஒழுங்காத்தான் எண்ணுனீங்க. நானும் ஒழுங்காத்தான் பூஜ்யம் போட்டேன்" என்றேன். இரண்டு பேரும் ஒரு கப் காபியைப் பாதியாகப் பிரித்துக் குடித்தோம்.

என் படிவத்தைத் திருத்தவில்லை. ஆய்வு என்றால் நடந்ததை நடந்தபடி கொடுக்க வேண்டும். ஆனால் பின்பக்கத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன்: இந்த இரண்டு பூஜ்யங்களும் பார்வையாளரின் தவறு, மாணவியின் தவறு அல்ல. பேராசிரியை அதைப் படித்துவிட்டு ஃபோன் செய்தார். பேசியதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இதை எங்க கத்துக்கிட்டாங்க?" என்றார்.

கேட்டேன். செல்வியும் என்னைப் போல மைன்ஸ்காரரின் மகள், வீட்டில் பார்த்துக் கற்றிருப்பார் என்று நானே பதிலையும் தயாராக வைத்திருந்தேன்.

"இல்ல சிஸ்டர். எங்கப்பா கார்பென்டரு. ஆயாவா இருந்தப்பதான் தெரிஞ்சிக்கினேன். சிஸ்டருங்க வரும்போது பேஷன்ட்டு படுத்திருப்பாங்க, இல்ல உக்காந்திருப்பாங்க. பாத்ரூமுக்குக் கைத்தாங்கலா இட்டுக்கினு போறது நாங்கதானே? நடுவுல எங்க நிப்பாங்க, எத்தினி தடவ நிப்பாங்க, எதுக்கு மறைக்கிறாங்கன்னு எங்களுக்குத்தான் தெரியும்."

"அப்பவே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

செல்வி சிரித்தார். "ஆயாகிட்ட யாரு கேட்டீங்க?"

எட்டு வருடம் அவர் என் வார்டில்தான் இருந்தார்.

செல்விக்குத் தேர்ச்சி கிடைத்தது. கல்பனாதான் கையெழுத்துப் போட்டார். பரீட்சையில் மகளும் பாஸ், அம்மாவும் பாஸ். இனி பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: வார்டுக்குள் வந்ததும் முதலில் ஆயாவிடம் போய்ப் பேசுங்கள், பிறகு நோயாளியோடு பத்தடி நடங்கள், சார்ட்டை அதற்கப்புறம் எடுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அதை அந்தப் பின்பக்கத்தில் எழுதவில்லை. செல்வியிடம் மட்டும் சொன்னேன்.

என் அப்பா கடைசி ஒரு வருடம் தனியாக லைன் வீட்டில் இருந்தார். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து நான் போய் பி.பி. பார்ப்பேன், நாடி பார்ப்பேன், ஒரு நோட்டில் எழுதுவேன். நான் போகும்போதெல்லாம் வாசலில் சேர் போட்டு, கையை முழங்காலில் ஊன்றி, சட்டை போட்டு, தலை சீவி உட்கார்ந்திருப்பார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லா ஞாயிறும் மூச்சு இருபது. ஒரு ஞாயிறுகூட அவரோடு தெருமுனை வரை நடக்கவில்லை. நர்ஸ் மகள் இருந்தும் அவர் மூச்சு முட்டித்தான் போனார் என்று சொன்னபோது என்னால் மேலே பேச முடியவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொன்ன வாய்.

 செல்வி என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். என் மூச்சு சமமாகும் வரை என் முதுகில் கை வைத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க வர்ற அன்னைக்கு உங்களுக்காக முன்னாடியே எழுந்து, தல சீவி, மூச்ச அடக்கி உக்காந்திருக்காரு சிஸ்டர். பொண்ணு பயப்படாம திரும்பிப் போவணும்னு. அந்த வருசம் பூரா நீங்க பயப்படாமத்தான் போனீங்க. அவரு நெனச்சது நடந்துச்சி."

அப்பா இறந்து பதினாறு வருடம். அன்றுதான் அழுதேன், நன்றாகவே அழுதேன். வராந்தாவில் போன இரண்டு மாணவிகள் நின்று பார்த்தார்கள், செல்வி கண்ணாலேயே அவர்களை அனுப்பினார். அன்றைக்கு அந்த வார்டில் நர்ஸ் அவர்தான். நான் ஒரு நோயாளியின் மகள்.